கியர்பாக்ஸ் கோர்ப்பதற்கு முன்

மேல்விஷாரம் தாண்டி, சர்வீஸ் ரோட்டு மண்ணில்,
சேனல் இரும்பில் வெல்டு வைத்த சட்டத்தின் மேல்
உட்கார்ந்திருக்கிறது
என் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கடன்.
பில் இருக்கிறது, பிளாக்கில் நம்பர் இருக்கிறது.
இதற்கு முன் எந்த ஊர் மேட்டில் ஏறியது என்பது
எதிலும் எழுதியில்லை.

கொஞ்சம் தள்ளி என் லாரி,
கேபினை முன்னால் கவிழ்த்துக்கொண்டு,
பல் பிடுங்கிய வாயாக.
ஹோஸ் முனைகளில் துணி அடைத்திருக்கிறார்கள்,
எலி போகாமலிருக்க.

"நேரா ஏத்திட்டு, கியர்பாக்ஸ் கோத்துட்டு
ஸ்டார்ட் பண்ணலாமே பாய்" என்றேன்.
ராணிப்பேட்டையில் லோடு. ஈரத்தோல்.
மே மாதம். அது காத்திருக்கும் விதம்
மூக்குள்ளவர்களுக்குத் தெரியும்.
கலீமுல்லா நிமிரவில்லை.
"ஏத்துறதுக்குக் காசு வாங்குவேன்.
மறுபடி எறக்குறது இன்னா, ஓசியா?"

கிளட்ச் பிளேட்டைக் கழற்றிச் சாக்கின் மேல் சாய்த்தார்.
பின்பக்கம் திறந்து கிடந்தது பிளைவீல்.
அதற்கு முன் ஒரு ஜன்னல் கிராதியை நிறுத்தி
போல்ட் முடுக்கினான் ஜெயசீலன்;
எந்த இடித்த வீட்டிலிருந்தோ வந்தது,
நடுவில் வளைகம்பி மயில்.
தண்ணீருக்கு டிரம். டீசலுக்கு ஐந்து லிட்டர் கேன்.
தீப்பிடித்தால் கொட்ட நாலு வாளி மணல்,
பாலாறு இப்போது கொடுப்பது அதுதானே.

என் கையில் ஒரு பலகை:
உடைந்த கேரம்போர்டின் நடுத்துண்டு,
சிவப்பு வட்டம் பாதி அழிந்தது.
"ஸ்டாப் ஒயருக்கு அடங்காம தானா ஏறுச்சுன்னா
இத வெச்சு காத்து வாயை மூடு.
கைய வெக்காத. இழுத்துக்கும்."
பதினாறு வருஷம் ஓட்டியவன் நான்.
எனக்குக் கிடைத்த வேலை இது.

ஸ்டாப்பை இழுத்துப் பிடித்து, டீசல் போகவிடாமல்
செல்ஃப் மட்டும் கொடுத்தார். பத்து எண்ணிக்கை.
ஆயில் முள் படுத்திருந்தது.
பேட்டரி மூச்சு வாங்கட்டும் என்று நின்றோம்.
மறுபடி பத்து. படுத்திருந்தது.
மூன்றாம் முறை, ஏழில்,
எழுப்பியும் எழாதவன் ஒற்றைக்கண் திறப்பதுபோல
மெல்ல ஏறியது.
"இப்ப டீசல் வுடு."

வெள்ளைப் புகை, ஒரு இருமல், இன்னொன்று,
பிறகு சட்டம், தரை, என் பல்வரிசை
எல்லாம் சேர்ந்து ஓடின.
எங்கும் போகவில்லை எதுவும்.
நிமிடத்துக்கு எழுநூறு சுற்று, ஒரு அடி தூரம் கிடையாது.
ஹைவேயில் பெங்களூர் வண்டிகள் பறக்க
இது நின்ற இடத்திலேயே குடித்துக்கொண்டிருந்தது.

சட்டென்று சத்தம் ஏறியது.
நான் யோசிக்கவில்லை. பலகை போய் ஒட்டிக்கொண்டது,
பசை தடவினாற்போல்.
இன்ஜின் உதறி, திணறி, நின்றது.
லீவரில் கை வைத்தபடியே ஜெயசீலன்:
"நாந்தாண்ணா ரெய்ஸ் பண்ணேன்."
கலீமுல்லா சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.
"பலகை புடிக்குது. அதுவும் தெரிஞ்சிக்கணும்ல."
மறுபடி செல்ஃப்.

இருபது நிமிடம், டிரம் தண்ணீர் கைசுடும்வரை.
நிறுத்தி, டார்ச்சோடு மண்டியிட்டு
மயில் தோகை இடுக்கில் எட்டிப் பார்த்தவர்
விரலால் கூப்பிட்டார்.
பிளைவீலுக்குக் கீழே ஒரு சொட்டு.
துடைத்தார். காத்திருந்தோம். இன்னொரு சொட்டு.
பின் சீல்.
கியர்பாக்ஸ் கோர்த்திருந்தால் இது
கிளட்ச்சில் ஊறி, கிளட்ச் வழுக்கி,
பள்ளிகொண்டா தாண்டி ஏதோ ஒரு ராத்திரி
என்னிடம் வந்து சொல்லியிருக்கும்.

போன் அடித்தது. தோல்காரர்.
"நாளைக்கு" என்றேன்.
அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.
சீல் வாங்க ஆற்காட்டுக்குக் கிளம்பினான் ஜெயசீலன்.
எதிர்க்கடையில் டீயை வாங்கும்போதுதான் பார்த்தேன்,
இன்னொரு கையில் அந்தப் பலகை.
மடியில் போட்டு
சிவப்பு வட்டத்தில் கிளாஸை வைத்தேன்.
சரியாக இருந்தது.